தோல் கிள்ளும் பழக்கமும் துணைக் குழுக்களும்: சித்தூர், திருப்பதி வட்டாரத்தை முன்னிட்டுச் சில எண்ணங்கள்

(உரையின் எழுத்து வடிவம்)

சித்தூர் வட்டாரத்தின் தொழில்களைப் பற்றிப் பேசுவோர் மாம்பழக் கூழ் ஆலைகளைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. தோத்தாபுரி எனப்படும் கிளிமூக்கு மாம்பழம் வண்டி வண்டியாக வந்து இறங்கும் அந்தச் சில வாரங்களில், கழுவவும் தரம் பிரிக்கவும் நறுக்கவும் ஏராளமான பெண்கள் தினக்கூலிக்கு அமர்த்தப்படுகின்றனர். ஆண்டு முழுவதற்குமான பள்ளிக் கட்டணமும் அடகு வட்டியும் பல குடும்பங்களில் இந்தக் கூலியிலிருந்தே கட்டப்படுகின்றன. உணவுப் பொருளைக் கையாளும் இடமாதலால், கையில் திறந்த புண் உள்ளவரை வேலையில் சேர்க்கலாகாது என்பது விதி. விதி சரியானதே. அதில் குறை காண இடமில்லை.

ஆனால் அந்த ஆலையின் வாயிலில் நிற்கும் ஒரு பெண்ணைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். அவளுடைய விரல் நுனிகளிலும் முழங்கையிலும் எப்போதும் புண் இருக்கும். ஒன்று ஆறுவதற்குள் மற்றொன்று தோன்றும். மாம்பால் பட்டு வெந்துவிட்டது என்று முதலாண்டு சொல்வாள், மேற்பார்வையாளர் நம்பிவிடுவார். அடுத்த ஆண்டு நம்பமாட்டார். தொற்றுநோயோ என்று உடன் வேலை செய்வோர் ஒதுங்குவர். உண்மையை அவளால் சொல்ல இயலாது. ஏனெனில் அந்தப் புண்ணை உண்டாக்குபவை அவளுடைய விரல்களே. ஏன் அவ்வாறு செய்கிறாள் என்பது அவளுக்கே விளங்குவதில்லை.

இது கற்பனையாகக் கூறப்பட்ட எடுத்துக்காட்டு. ஆயினும் இவ்வகைத் துன்பம் கற்பனையன்று. தோலைக் கிள்ளுதல், பருவைப் பிதுக்குதல், பொருக்கைப் பிய்த்தல், நகக்கண் தோலை உரித்தல் ஆகியவற்றைச் சிறிதளவு செய்யாதவர் இல்லை. அது நாள்தோறும் மணிக்கணக்கில் நீண்டு, நிறுத்த முயன்றும் நிறுத்த இயலாமல், புண்ணும் தழும்பும் உண்டாக்கி, வேலையையும் உறவுகளையும் கெடுக்கும் நிலையில் அது நோயாகிறது. இங்கிலாந்தின் தோல் மருத்துவர் எராஸ்மஸ் வில்சன் 1875லேயே இதைப் பற்றி எழுதினார். இருந்தும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இது தனி நோயாக இடம்பெற்றது 2013ஆம் ஆண்டில்தான். 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது பட்டியலிலும் இது உள்ளது. தலைமுடியைத் தானே பிடுங்கிக் கொள்ளும் நோய் இதன் உடன்பிறப்பு எனலாம். இரண்டும் ஒருவரிடமே காணப்படுவதும் உண்டு.

தமிழில் கிள்ளு என்கிறோம். தெலுங்கில் கில்லு என்கின்றனர். இரு மொழியும் அன்றாடம் கலந்து புழங்கும் சித்தூர்ச் சீமையில் இந்தச் செயலுக்குச் சொல் இருக்கிறது. நோய்க்குத்தான் சொல் இல்லை. 'கையை வைத்துக்கொண்டு சும்மா இரு' என்பதே வீடுகளில் வழங்கும் மருந்து.

நோயின் தன்மை

பெரும்பாலும் இப்பழக்கம் பூப்பெய்தும் பருவத்தில், முகப்பருவோடு தொடங்குகிறது. மருத்துவரிடம் வருவோரில் நான்கில் மூவர் பெண்கள். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை இதனால் துன்புறுவதாக அயல்நாட்டு ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. நம் துணைக்கண்டத்தில், கராச்சி நகர மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 210 பேரை ஆராய்ந்து 2012இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், தோல் கிள்ளுதல், முடி பிடுங்குதல், நகம் கடித்தல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று கடுமையாக இருந்தோர் 46 பேர். அதாவது ஐந்தில் ஒருவருக்கும் சற்று மேல். அவர்கள் அனைவரும் நாளைய மருத்துவர்கள் என்பதை இங்கே கருதிப் பார்க்கலாம். படிப்பறிவின்மைக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை.

கிள்ளும் நேரம் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுபோலவே அமைகிறது. தனிமை, மாலை அல்லது இரவு, கண்ணாடியின் முன், அல்லது தேர்வுக்குப் படிக்கையில். விரல் தோலின்மீது ஊர்ந்து, சொரசொரப்பான ஓரிடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. பிய்த்தெடுக்கும்போது நெஞ்சிலிருந்த இறுக்கம் சற்றே தளர்கிறது. பத்து நிமிடம் என்று நினைத்தது இரண்டு மணி நேரமாகிவிடுகிறது. பிறகு குருதியைக் கண்டதும் வெட்கம். வெட்கத்தினால் மீண்டும் இறுக்கம். இறுக்கத்தினால் மீண்டும் கிள்ளுதல். தம்மைத் தாமே வருத்திக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் இவர்களுக்கு இல்லை. தோலைச் சமனாக்கவே பெரும்பாலோர் முயல்கின்றனர். அதனால் உண்டாவது புண்.

இதன் பொருளாதார விளைவு எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறுவதில்லை. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. பெண் பார்க்க வரும் நாளில் உடல்நலமில்லை என்று படுத்துவிடுதல். பலருக்கு முன்னால் நிற்க வேண்டிய வேலைகளுக்கு மனுப் போடாமலிருத்தல். மருத்துவரிடம் கையை நீட்ட அஞ்சி, இரத்தப் பரிசோதனையையே தள்ளிப்போடுதல். நீரிழிவு உடையவருக்கு இந்தக் கடைசி அச்சம் ஆபத்தானது. அவருடைய புண் எளிதில் ஆறாது.

மருத்துவம் எதுவரை செல்கிறது

இவர்கள் முதலில் தட்டும் கதவு மருந்துக்கடை. அங்கே ஸ்டீராய்டு கலந்த களிம்பு ஒன்று கைக்கு வருகிறது. நாளடைவில் அது தோலை மெலியச் செய்து நிலைமையை மோசமாக்கும். அடுத்த கதவு தோல் மருத்துவருடையது. சிரங்கு, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, தைராய்டுக் கோளாறு ஆகியவற்றால் உண்டாகும் நமைச்சலா என்று பார்த்து விலக்க வேண்டியிருப்பதால் அந்தக் கதவு தேவையானதே. அங்கிருந்து மனநல மருத்துவரின் அறை வரை உள்ள இருபது அடியைக் கடப்பதற்குத்தான் பலருக்குப் பத்தாண்டுகள் ஆகிவிடுகின்றன.

கடந்து சென்றவருக்குப் பயன் உண்டு. அசெட்டைல்சிஸ்டைன் என்னும் மருந்தை 66 பேரிடம் 12 வாரங்கள் சோதித்து 2016இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வொன்றில், இறுதிவரை மருந்து உட்கொண்டோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் நன்கு தேறினர். வெறும் மாத்திரை உண்டோரில் தேறியவர் ஐந்தில் ஒருவரே. மருத்துவர் சொல்லாமல் இதை வாங்கி உண்ணலாகாது. மருந்தைக் காட்டிலும் நெடுநாள் அறிந்த முறை, அஸ்ரின், நன் என்னும் இரு உளவியலாளர்கள் 1973இல் வகுத்த பழக்க மாற்றுப் பயிற்சி. எப்போது, எங்கே, எந்த மனநிலையில் கை தோலுக்குப் போகிறது என்று குறித்துக்கொண்டே வருதல். போகும் கணத்தில் கையை இறுக மூடிச் சில நிமிடம் வைத்திருத்தல். இவ்விரண்டும் அதன் முக்கிய உறுப்புகள். மூன்றாவது உறுப்பு ஒன்று உண்டு. நோயுற்றவரின் முயற்சியைக் கவனித்துப் பாராட்டவும், மறந்தபோது நினைவூட்டவும் ஒரு துணைவர் வேண்டும் என்று அவர்கள் அப்போதே எழுதினர்.

அந்தத் துணைவர் யார்? தாய் என்றால், பாராட்டு இரண்டு நாளில் கண்காணிப்பாகிவிடும். 'மறுபடியும் கையை அங்கே வைக்கிறாயே' என்னும் சொல் அன்பினால் எழுவதே. ஆயினும் கிள்ளுதலைக் குளியலறைக்குத் துரத்துவதைத் தவிர அதனால் வேறு பயன் விளைவதில்லை. கணவன், மாமியார் ஆகியோரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இடத்தைச் செவ்வையாக நிரப்பக்கூடியவர் அதே துன்பத்தைத் தாமும் அறிந்தவர். தலைமுடி பிடுங்குதலாலும் தோல் கிள்ளுதலாலும் தாமே துன்புற்ற கிறிஸ்டினா பியர்சன் என்னும் பெண்மணி, 1991இல் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் நகரில் இத்தகையோருக்கான முதல் அமைப்பைத் தோற்றுவித்தார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்புதான் முடி பிடுங்கும் நோய்க்கு மருந்து கொடுத்து 13 பெண்களிடம் நடத்திய ஆய்வொன்று வெளிவந்து, இதற்கு ஒரு பெயர் உண்டு என்பதையே பொதுமக்களில் பலர் அறிந்தனர். பெயர் தெரிந்தது, ஆளுக்கு ஆள் தேடிக்கொண்டனர்.

நம் நாட்டில் முன்னோடிகள்

ஒத்த துன்பமுடையோரை ஒன்று கூட்டுவது அயல்நாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டியதில்லை. 1950களில் அமிர்தசரசு மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் குடும்பத்தினரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்தார். நாள்தோறும் அவர்களைக் கூட்டிவைத்துப் பேசினார். பக்கத்துக் கூடாரத்தாரின் அனுபவம் மருத்துவரின் அறிவுரையைவிட எளிதில் மனத்தில் பதிந்தது. சித்தூரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் பாகாயத்தில் தொடங்கப்பட்டது. அங்கும் உறவினர் நோயாளியுடன் தங்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. அதே 1957இல் பம்பாயில் குடிநோயாளிகளின் பெயர் சொல்லாச் சங்கம் தன் பணியைத் தொடங்கியது. குஜராத்தின் மெகசானா மாவட்டத்தில் ஆத்மியதா என்னும் திட்டத்தின்கீழ் கிராமத் தொண்டர்களே மனத்துயருற்றோரின் வீடு தேடிச் சென்று பேசும் ஏற்பாடு அண்மைக்காலத்து எடுத்துக்காட்டு.

அரசின் ஏற்பாடுகளும் குறைவல்ல. தேசிய மனநலத் திட்டம் 1982இலும், மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் திருச்சி உள்ளிட்ட நான்கு மாவட்டங்களிலும் தொடங்கின. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, நோயாளியின் விவரங்களை மறைவாகக் காத்தல் அவருடைய உரிமை என்று வகுத்தது. ஆயினும் 2015-16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் எவ்விதச் சிகிச்சையும் பெறவில்லை என்று தெரியவந்தது. லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், மருத்துவர் எண்ணிக்கை உயரும் வரை காத்திருப்பது திட்டமாகாது.

சங்கமும் இரகசியமும்

இங்கே ஆந்திரத்தின் மகளிர் குழுக்கள் நினைவுக்கு வருவது இயல்பு. அண்டை மாவட்டமான நெல்லூரில், தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் எழுத்தறிவு வகுப்புக்காகக் கூடி, அங்கேயே சாராயத்தின் கொடுமையைப் பேசத் தொடங்கினர். 1992இல் மூண்ட அந்தக் கிளர்ச்சி 1993இல் ஆந்திரத்தில் சாராயத் தடைக்கு வழிகோலியது. அதே பெண்களின் சேமிப்புக் குழுக்கள் பிறகு மாநிலமெங்கும் பரவின. இன்றும் சித்தூர்க் கிராமங்களில் 'ட்வாக்ரா' என்றால் அறியாதவர் இல்லை. ஒரு காரியத்திற்காகக் கூடியவர்கள் வேறொரு துயரத்தைப் பேசும் துணிவு பெறுகின்றனர் என்பது அவ்வரலாறு தரும் செய்தி. ஆகவே, தோல் கிள்ளும் நோயுடையோர்க்கும் அக்குழுக்களையே பயன்படுத்தலாமே என்று திட்டமிடுவோர் உடனே எண்ணுவர்.

அது சரிப்படாது. சேமிப்புக் குழுவின் வலிமையெல்லாம் அண்மையில் உள்ளது. பத்துப் பேரும் ஒரே தெரு. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேருக்கும் காரணம் தெரியும். சாராயம் குடித்த கணவனைப் பற்றிப் பேசுவதில் வெட்கம் அவனுடையது, பேசுகிறவளுடையதன்று. தன் விரலால் தன் முகத்தைக் கிழித்துக்கொள்கிறவளின் நிலை வேறு. அவள் தெருக்காரிகளின் முன்னால் வாய் திறந்தால், மாலைக்குள் அச்செய்தி கிணற்றடிக்குப் போய்விடும். கடன் கொடுக்க அண்மை உதவும். மறைத்த துன்பத்தைச் சொல்லத் தொலைவு வேண்டும். சங்கம் என்றால் ஊர்ச் சங்கம் என்றே பழகிவிட்ட நமது வளர்ச்சித் திட்டங்கள் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்த்ததில்லை.

அந்தத் தொலைவு இந்த வட்டாரத்தில் எழுபது கிலோமீட்டர் அளவில் கிடைக்கிறது. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்திலேயே இருந்து, பின் தனி மாவட்டத்தின் தலைநகரான திருப்பதி, யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்காத ஊர். பேருந்து நிலையத்திலும் இரயில் நிலையத்திலும் பல மாநிலத்து மக்கள் இரவெல்லாம் வந்திறங்குகின்றனர். திருமலைக் கல்யாணக்கட்டையில் நாள்தோறும் பல்லாயிரம் பேர் முடி காணிக்கை செலுத்துகின்றனர். ஆதலால் மொட்டைத் தலையுடன் ஒரு பெண் கடைத்தெருவில் நடந்தாலும் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முடி பிடுங்கும் நோயால் வகிட்டில் வழுக்கை விழுந்தவளுக்கு உலகில் வேறெந்த ஊர் இத்தகைய அடைக்கலம் அளிக்கும்? அதைவிட முக்கியமானது ஒன்று. சித்தூர், பாகாலை, புங்கனூர்ப் பக்கத்துக் குடும்பங்களில், 'வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்' என்றால் என்ன நோய் என்ற கேள்வி எழும். 'திருப்பதிக்குப் போய்வருகிறேன்' என்றால் எந்த மாமியாரும் தடுப்பதில்லை. உண்டியலில் போட ஒரு முடிச்சும் கொடுத்தனுப்புவாள்.

ஊரில் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியும், அதனுடன் இணைந்த ரூயா அரசு மருத்துவமனையும் உள்ளன. 1954இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 1983இல் தோன்றிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் உள்ளன. இந்நோய் முளைவிடும் வயதிலுள்ள பெண்கள் ஆயிரக்கணக்கில் விடுதிகளில் தங்கியிருக்கின்றனர்.

நடைமுறை பற்றி

இத்தகைய குழுவுக்குக் கட்டடம் வேண்டா, மானியம் வேண்டா, பதிவேடும் வேண்டா என்றே கூறலாம். அதிகாரிகளுக்கு இது சற்று இடைஞ்சலாகத் தோன்றும். வருகைப் பதிவேடு இல்லாத குழுவை எந்த அறிக்கையில் காட்டுவது? ஆனால் பெயரெழுதச் சொன்ன மறுமுறையே பாதிப்பேர் வரமாட்டார்கள். மருத்துவமனைக்கு அருகே பத்துப் பேர் உட்காரக்கூடிய ஓர் அறை, மாதத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம். சனிக்கிழமை வேண்டா, பெருமாளுக்கு உகந்த நாளாகையால் பேருந்தில் நிற்கவும் இடம் கிடைப்பதரிது. புதன்கிழமை ஏற்றது.

அங்கே என்ன பேசுவது என்பதை வகுத்துக் கொடுக்க வேண்டிய அவசியம் குறைவு. தனித்தனியே ஒவ்வொருவரும் கண்டுபிடித்து வைத்திருக்கும் உபாயங்கள் ஏராளம். குளியலறை விளக்கை மங்கலானதாக மாற்றுதல், முகம் பார்க்கும் கண்ணாடிக்குத் துணி போடுதல், நகத்தை ஒட்ட வெட்டுதல், கட்டைவிரலுக்குத் துணிப் பட்டை சுற்றுதல், படிக்கும்போது கைக்கு ஒரு வேலை கொடுத்தல் முதலியன. இந்த வட்டாரத்தில் கைவேலைக்குக் குறைவில்லை. புளியங்கொட்டை எடுத்தல், பூத்தொடுத்தல் ஆகியவை விரல் நுனிக்கு அதே தேடலையும் அதே நிறைவையும் ஓரளவு தரவல்லவை. பூத்தொடுத்தால் கூலியும் உண்டு. இவற்றுள் எது யாருக்கு உதவும் என்று எந்த நூலும் சொல்லாது. சென்ற மாதம் முயன்று தோற்றவர் சொல்வார்.

தோற்றதைச் சொல்ல இடம் இருக்க வேண்டும் என்பதே முக்கியம். மூன்று வாரம் கிள்ளாமலிருந்து நான்காம் வாரம் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு வருபவரிடம், வீட்டார் 'எல்லாம் வீணாயிற்று' என்பர். குழுவில் உள்ளவர் 'மூன்று வாரம் எப்படி இருந்தாய்?' என்று கேட்பார்.

சில வரம்புகள் தேவை. ஒருவருக்கு எழுதிக்கொடுத்த மருந்தை மற்றவருக்குச் சிபாரிசு செய்யலாகாது. புண்களின் படத்தைக் காட்டுதல் கூடாது. பார்த்த மாத்திரத்தில் சிலருக்குக் கை ஊறும். கேட்டதை வெளியே சொல்லலாகாது. சீழ் வைத்த புண்ணுடன் வருபவரையும், வாழ்வில் சலிப்புற்றுப் பேசுபவரையும் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இரவு நேரத்தில் துயரம் மிகுந்தால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி எண் 14416இல் தெலுங்கிலும் தமிழிலும் பேசலாம் என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். ஆண்களையும் பெண்களையும் ஒன்றாக அமர்த்துவதா, தனித்தனியாகவா என்பதைக் கூடுவோரே முடிவு செய்துகொள்ளலாம். கூழ் ஆலைகளைப் பொறுத்தவரை, புண் உள்ளவரை அந்தப் பருவத்தில் பழத்தைத் தொடாத பணிகளுக்கு, பெட்டி எண்ணவோ சீட்டு ஒட்டவோ மாற்றிக் கொடுப்பது முதலாளிகளுக்குச் செலவு வைக்காத உதவி. அதற்கும் முதலில் அவள் உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்லிப் பழக ஓர் இடம் வேண்டும்.

தொடக்கத்திற்கு மூவர் போதும். அந்த மூவரை எங்கே கண்டுபிடிப்பது? மனநலப் பிரிவின் வாயிலில் அறிவிப்பு ஒட்டினால் அதைப் படிக்க வேண்டியவர் அந்தப் பக்கம் வரமாட்டார். அவர் உட்கார்ந்திருப்பது தோல் நோய்ப் பிரிவில், துப்பட்டாவால் கையை மூடிக்கொண்டு, சீட்டு எண் கூப்பிடும் வரை. அந்தப் பலகைக்கு எதிர்ச்சுவரில், தெலுங்கிலும் தமிழிலும், நான்கே வரி போதும்: புண் ஆறும் முன்பே கிள்ளத் தோன்றுகிறதா? இதே பழக்கமுள்ள வேறு சிலர் மாதத்தின் முதல் புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூடுகின்றனர். அறை எண் கீழே. பெயர் கேட்கப்படமாட்டாது.